தெற்குக் கதவு

ஜூன் 3, திங்கள்

வேலங்குறிச்சிக்கு வந்தாயிற்று. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாட்ஜ், இரண்டாவது மாடி. ஸ்கேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறியதில் பையின் வார் அறுந்தது. ஆன்சி என்னுடன் போனில் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். "நீ கெளம்புனதுல இருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா," என்றார் ஜெரால்டு. நாலரை வயதில் இவ்வளவு வீம்பு என் மாமியார் பக்கத்திலிருந்து வந்ததாக இருக்கும்.

ஜூன் 4, செவ்வாய்

குற்றாலிங்கம் அண்ணாச்சி வாசலிலேயே நின்றிருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கையில் குடை. மரகதவல்லி டாக்கீஸ் அவருடைய தாத்தா கட்டியது, அப்பா நடத்தியது, இவர் மூடியது. அவரே அப்படித்தான் சொன்னார்.

"இடிச்சிட்டு கல்யாண மண்டபம் கட்டப் போறோம்மா. செவரு நிக்காதுன்னு இன்ஜினியர் சொல்லிட்டாரு. ஆனா அந்த மயிலும் தூணும் கதவும் அப்படியே வேணும். பாக்குறவன் இது மரகதவல்லிதான்னு சொல்லணும்."

"அப்படியே வரும் சார். ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா, மெஷின் மரத்துலயே செதுக்கிக் குடுத்துரும்."

"அப்படியேன்னா இப்ப இருக்க மாதிரி இல்ல. மொத நாள் எப்படி இருந்திருக்கும், அந்த மாதிரி."

எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். பெயிண்ட் திட்டு, சிராய்ப்பு, ஆணி ஓட்டை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் நிரப்பி வழவழப்பாக்கிக் கொடுப்பதுதான் என் வேலையில் பாதி.

உள்ளே நாற்காலிகள் இல்லை. தரை சரிந்து இறங்கி திரை மேடையில் முடிகிறது. மேடை வளைவின் மேல் சுதை மயில்கள் இரண்டு. ஒன்றுக்குத் தலை இல்லை. இன்னொன்றின் தலையைக் கம்ப்யூட்டரில் இடம் வலமாகத் திருப்பி இதற்கும் வைத்துவிடலாம். தூண்களின் தலைப்பகுதியில் திராட்சைக் கொத்து. கதவுகள் நான்கு, எல்லாம் தேக்கு, எல்லாவற்றிலும் பச்சைப் பெயிண்ட். வெயில் காலத்திலும் உள்ளே சில்லென்று இருக்கிறது.

அண்ணாச்சி வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. சொதி. நன்றாக இருந்தது.

ஜூன் 5, புதன்

முதலில் கூடம் முழுவதையும் லேசரில் எடுத்தேன். நான்கு சுவரும் சரியாக வந்தன. தெற்குக் கதவுக்கு முன்னால் மட்டும் புகை படிந்ததுபோல் ஒரு கறை. ஸ்கேன் ஓடும்போது ஆள் குறுக்கே போனால் அப்படி விழும். நான் வெளியே இருந்தேன். உள்ளே யாரும் இல்லை. மறுபடி எடுத்தேன், மறுபடியும் அதே இடத்தில் கறை. புறாக்கள் கிளப்பும் தூசியாக இருக்கும். நீக்கிவிட்டேன்.

ஜூன் 7, வெள்ளி

இரண்டு நாளும் மயில்தான். சாரத்தில் நின்று கழுத்து பிடித்துக்கொண்டது.

பை வாரைத் தைக்கக் கொடுத்தேன். டாக்கீஸுக்குத் தெற்கே சந்தில் ஒரு தையல் கடை. கடைக்காரியின் பெயர் முப்பிடாதி, ஐம்பதை நெருங்கும் வயது. டாக்கீஸில் வேலை என்றதும் தையல் மிஷினை நிறுத்தினாள்.

"கதவையும் படம் எடுப்பியளா?"

"எல்லாக் கதவையும் எடுக்கணும்க்கா."

"தெக்குக் கதவையும்?"

"அதையும்தான்."

அதற்கு மேல் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து பையை வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

ஜூன் 8, சனி

தெற்குக் கதவு. இரட்டைக் கதவு, வெளிப்பக்கம் சந்துக்குத் திறக்கும். பெயிண்ட் மினுங்குவதால் வெள்ளைப் பவுடர் அடித்துவிட்டுக் கைக் கருவியால் எடுத்தேன். இந்தக் கருவி தாளின் கனத்தைவிடக் குறைந்த மேடு பள்ளத்தையும் பிடித்துவிடும்.

லேப்டாப்பில் நிறத்தை நீக்கிவிட்டு வெறும் வடிவத்தை மட்டும் பார்ப்பது வழக்கம். நேரில் பார்த்தபோது சமமாக இருந்த கதவு, திரையில் அப்படி இல்லை.

உள்பக்கம், இரண்டு கதவும் சேரும் இடத்தில், என் நெஞ்சு உயரத்தில், குழிகள். ஒன்றன்மேல் ஒன்றாக நிறைய. கனமான இரும்பின் மூலையால் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் இடித்ததுபோல. மரத்தூளும் பசையும் குழைத்த மக்கு அடைத்து, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஆனால் மக்கு காயக் காய உள்வாங்கும். கண்ணுக்கும் கைக்கும் தெரியாது, கருவிக்குத் தெரியும்.

வெளிப்பக்கம், அதே உயரத்தில், ஒரு கதவில் நான்கு வட்டம், மறு கதவில் இரண்டு வட்டம். மக்கு அடைத்த திருகாணி ஓட்டைகள். அங்கே பூட்டு மாட்டும் நாதாங்கி ஒன்று இருந்திருக்கிறது.

சினிமாக் கொட்டகைக் கதவுக்கு வெளிப்பக்கம் நாதாங்கி எதற்கு? கருவியில் கோளாறாக இருக்கலாம் என்று சரிபார்த்துவிட்டு மறுபடி எடுத்தேன். அப்படியேதான் வந்தது.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் சர்ச்சுக்குப் போகவில்லை. பையை வாங்கப் போனேன். முப்பிடாதி அக்கா காப்பி கொடுத்தாள். கேட்காமலே சொன்னாள்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் டாக்கீஸில் தீப்பிடித்தது. பகல் ஆட்டம். திரைக்குப் பின்னால் வயரில் பிடித்த தீ. தீ யாரையும் எரிக்கவில்லை, புகைதான். ஜனங்கள் தெற்குக் கதவுக்கு ஓடியிருக்கிறார்கள். அது திறக்கவில்லை. பதினேழு பேர்.

"எங்கப்பாதான் அந்தக் கதவுல டிக்கெட் கிழிக்கிறவரு. மாசானம்னு பேரு. அவரும் உள்ளதான் செத்துக் கெடந்தாரு. குடிச்சுட்டு உள்தாப்பாளப் போட்டுட்டுத் தூங்கிட்டான்னு எழுதிட்டாங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் நான் யாரு? பதினேழு பேரக் கொன்னவன் மக. ரெண்டு தடவ பேசி முடிச்ச கல்யாணம் நின்னு போச்சு."

"உங்களுக்கு அப்ப என்ன வயசு?"

"ஒம்பது. எனக்குக் காச்ச. அதனால தம்பிய மட்டும் கூட்டிட்டுப் போனாரு. அஞ்சு வயசு. துரைன்னு கூப்பிடுவோம்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "பெத்த பிள்ளைய உள்ள வச்சுக்கிட்டா தூங்குவாரு? சொன்னா, குடிகாரனுக்கு என்ன தெரியும்ங்காங்க."

அவளிடம் எதுவும் சொல்லவில்லை. முதலில் நானே சரியாகப் பார்க்க வேண்டும்.

லாட்ஜ்காரரிடம் சொல்லிக் கீழ்த் தளத்துக்கு மாறிக்கொண்டேன். மேலே தண்ணீர் சரியாக வருவதில்லை.

ஜூன் 10, திங்கள்

கதவின் கீழ்ப் பலகையையும் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்பக்கம் மெல்லிய கோடுகள். மூன்று மூன்றாக, நான்கு நான்காக, மேலிருந்து கீழே இழுத்தவை. ஆன்சி கையை உயர்த்தினால் எட்டும் உயரம்.

நாயாக இருக்கலாம். கொட்டகைகளில் நாய் இருக்கும். கருவிப் பிழையாகவும் இருக்கலாம்.

ஜெரால்டுக்குப் போன் செய்து, ஆன்சியின் வகுப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று கேட்டேன். "எதுக்கு?" என்றார். சும்மாதான் கேட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

அண்ணாச்சியிடம் லேப்டாப்பைக் காட்டினேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, வாடிக்கையாளர் அவர்.

நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வெளிப்பக்கத்தின் ஆறு வட்டங்களைக் காட்டியபோது குனிந்தார். உள்பக்கக் குழிகளைக் காட்டியபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இதெல்லாம் நெரப்பிரலாம்லாம்மா?"

"நிரப்பலாம். ஆனா இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

வெளியே புறா சடசடத்தது. அவர் எழுந்து குடையை எடுத்தார். வாசல் வரை போய்விட்டு, திரும்பாமலே சொன்னார்:

"மாசானம் குடிக்க மாட்டான்."

போய்விட்டார். சாப்பாடு வழக்கம்போல வந்தது. சாப்பிட முடியவில்லை.

ஜூன் 12, புதன்

தெற்குக் கதவு இல்லை.

காலையில் போனபோது நிலை மட்டும் நின்றது. சந்து வெளிச்சம் நேராக உள்ளே விழுந்தது. மற்ற மூன்று கதவுகளும் இடத்தில் இருந்தன. வாட்ச்மேனைக் கேட்டேன். விடியும்போதே லோடு ஆட்டோவில் ஏற்றிச் செங்கல் சூளைக்கு அனுப்பிவிட்டார்களாம். "கரையான் அரிச்ச மரம்னு அண்ணாச்சி சொன்னாரு."

அந்த மரத்தில் கரையான் இல்லை.

இனி அந்தக் கதவு என் லேப்டாப்பில்தான் இருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

சென்னையிலிருந்து எங்கள் மேனேஜர் ரெஹானா பேசினார். அண்ணாச்சி நேரடியாக அவருக்குப் போன் செய்திருக்கிறார்.

"பெனிட்டா, கிளையன்ட் கேக்கறது சுத்தமான கதவு. நிரப்பி, வழவழப்பாக்கி கோயம்புத்தூர் பட்டறைக்கு அனுப்பு. மூல ஃபைலை அழிச்சிடு. அது அவங்க சொத்து."

"மேடம், அந்தக் கதவு வெளிய பூட்டியிருந்திருக்கு. பதினேழு பேர் செத்திருக்காங்க. அதுக்கு வேற ஒருத்தர்மேல பழி போட்டிருக்காங்க."

"நாம போலீஸ் இல்ல. கட்டடத்தோட பாகங்களைத் திரும்பச் செஞ்சு குடுக்கற கம்பெனி."

"திரும்பச் செய்யறதுன்னா உள்ளபடி செய்யணும்ல மேடம்?"

"உனக்கு ஒரு குழந்தை இருக்கு. வேலை வேணும்ல?" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

அறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்கிறது என்று ஸ்கேனர் பெட்டியை முட்டுக் கொடுத்துத் திறந்தே வைத்திருக்கிறேன். லாட்ஜ்காரர் இரண்டு முறை வந்து, "மூடிக்கிடுங்கம்மா, காலம் கெட்டுக் கெடக்கு," என்றார். காற்று வேண்டும் என்றேன். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஜூன் 18, செவ்வாய்

முப்பிடாதி அக்காவிடம் காட்டினேன்.

கடையை அடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தோம். முதலில் வெளிப்பக்கம். ஆறு ஓட்டைகள். விரலால் திரையில் ஒவ்வொன்றாகத் தொட்டாள். திரை நகர்ந்தது, நான் சரிசெய்து சரிசெய்து காட்டினேன்.

பிறகு உள்பக்கக் குழிகள். வெகுநேரம் பார்த்தாள்.

"முக்காலி," என்றாள்.

"என்னக்கா?"

"அப்பாவுக்கு ஒரு இரும்பு முக்காலி உண்டு. கதவுகிட்ட போட்டு உக்காந்திருப்பாரு. அதத் தூக்கி இடிச்சிருக்காரு. ஒருத்தர் இடிச்சதுதான இது? ஒரே எடத்துல, பாரு. தூங்குறவன் இப்படி இடிப்பானா?"

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முகம் மட்டும் சிவந்து, மூச்சு வாங்கினாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

"வக்கீலப் பாக்கலாம்க்கா," என்றேன். "என்னால சாட்சி சொல்ல முடியும்."

"யார்மேல கேஸு? அண்ணாச்சியோட அப்பா, பெரியவரு, செத்து முப்பது வருசமாச்சு. எனக்குக் கேஸு வேண்டாம்மா. இந்தத் தெருவுல எல்லாரும் பாக்கணும். இந்த டப்பாவுக்குள்ள இல்ல. மரமா பாக்கணும்."

கீழ்ப் பலகையைக் காட்டவில்லை. திரையின் ஓரத்துக்கு வெளியே இருந்தது. அவள் கேட்கவும் இல்லை.

ஜூன் 24, திங்கள்

ஃபைல்களை அனுப்பிவிட்டேன். மயில், தூண், மூன்று கதவுகள் எல்லாம் சுத்தமாக, முதல் நாள் இருந்ததுபோல. தெற்குக் கதவை மட்டும் உள்ளபடி விட்டேன். மக்கு அடைத்த ஆழத்தையும் கணக்கிட்டு, குழிகளும் ஓட்டைகளும் அடைப்பதற்கு முன்பு இருந்த அளவுக்குத் திறந்துவிட்டேன்.

கீழ்ப் பலகையை நிரப்பினேன். அங்கே விவரம் தெளிவாக இல்லை. தெளிவில்லாததை மரத்தில் வெட்டுவது சரியான முறை இல்லை. காலையில் ஆரம்பித்து மத்தியானம் வரை ஆனது. ஒவ்வொரு கோடாகத்தான் நிரப்ப முடிந்தது.

நாளை ஊருக்கு.

ஜூலை 3, புதன்

நாகர்கோவில். ஆன்சிக்குச் சளி. பள்ளிக்கூடத்துக்குப் போய் தலைமை ஆசிரியையைப் பார்த்து, வகுப்பறைத் தாழ்ப்பாள்களைப் பற்றிப் பேசினேன். நல்ல பெண், பொறுமையாகக் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் ஜெரால்டு, "ஸ்கூல்ல இருந்து போன் வந்துச்சு. நீ நல்லா இருக்கியான்னு கேட்டாங்க," என்றார். நல்லாத்தான் இருக்கிறேன். ஒரு அம்மா கேட்கக்கூடிய கேள்விதான் அது.

ஜூலை 19, வெள்ளி

கோயம்புத்தூர் பட்டறையிலிருந்து போன்.

"மேடம், நாலாவது கதவு ஃபைல்ல குழி குழியா இருக்குதுங்க. மரம் வீணாப் போயிருமுங்க. தப்பா அனுப்பிட்டீங்களா?"

"தப்பில்ல. அப்படியே வெட்டுங்க."

"ஓட்டையுமுங்களா?"

"ஓட்டையும்தான்."

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆன்சியைக் குளிப்பாட்டும்போது அவள் விரல்களைப் பிரித்து, குளியலறைக் கதவில் வைத்துப் பார்த்தேன். நான்கு விரல். கட்டைவிரல் படாது. "என்னம்மா பண்ற?" என்றாள். நகம் வெட்ட வேண்டும் என்றேன். வெட்டினேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

வேலங்குறிச்சி.

கதவுகள் வருகிற நாள் தெரிந்து, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். டாக்கீஸ் இருந்த இடத்தில் மண்டபச் சுவர்கள் எழும்பியிருந்தன. லாரி சந்துக்குள் போகாததால் கதவுகளைத் தெருவிலேயே இறக்கிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். பெயிண்ட் அடிக்காத புதுத் தேக்கு, காலை வெயிலில் தேன் நிறத்தில் இருந்தது. மூன்று கதவுகளும் மாசு மருவில்லாமல் நின்றன. நான்காவதைச் சுற்றிக் கூட்டம்.

"மெஷின் கடிச்சிருச்சு போல," என்றார் தச்சர் ஒருவர். "மக்கு வச்சுரலாம், தெரியாது."

"மெஷின் இல்ல," என்றாள் முப்பிடாதி அக்கா. தையல் கடையிலிருந்து அப்படியே வந்திருந்தாள், கழுத்தில் அளவு டேப் தொங்கியது. "அது எங்கப்பா இடிச்சது."

அவள் கையை மூடி, அந்தக் குழியில் வைத்தாள்.

அப்போது அண்ணாச்சியின் கார் வந்தது. இறங்கியவர் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் முப்பிடாதி அக்கா அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, இந்த ஆறு ஓட்டையும் எதுக்கு?"

அவர் குடையைக் கையில் மாற்றிப் பிடித்தார்.

"சொல்லுங்க அண்ணாச்சி. நீங்க அப்ப இங்கதான இருந்திய?"

"நாதாங்கி," என்றார்.

"எந்தப் பக்கம்?"

"வெளியதான்," என்றார் அண்ணாச்சி. தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னார். "வெளியதான் இருந்துச்சு. டிக்கெட் இல்லாம சந்து வழியா ஆளு வாரான்னு எங்கப்பா மாட்டுனாரு. சாவி அவரு மேசையில இருந்துச்சு. மாசானத்துக்கிட்ட இல்ல. போலீஸு வாரதுக்குள்ள கழத்திட்டாங்க. நாப்பது வருசத்துல யாரும் என்கிட்ட கேக்கல."

"நான் ஒம்பது வயசுப் பிள்ள. யார்கிட்ட கேக்குறதுன்னு எனக்குத் தெரியல," என்றாள் அவள்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். வேறொருவர் வந்து முப்பிடாதி அக்காவின் தோளில் கை வைக்கப் பார்த்தார். அவள் விலகிக்கொண்டாள்.

தச்சர் மெதுவாகக் கேட்டார், "மக்கு வைக்கவா அண்ணாச்சி?"

"தொடாத," என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார்.

கூட்டம் கலைந்தது. நானும் அவளும் மட்டும் கதவருகில் நின்றோம். அவள் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள். கீழ்ப் பலகையில் உள்ளங்கையை வைத்து, இடமிருந்து வலமாக, வலமிருந்து இடமாக, மெதுவாகத் தடவினாள். இழைத்த தேக்கு. ஒரு சிராய்கூட இல்லை.

"இங்க ஒண்ணுமே இல்லியா?"

நான் பை வாரைத் தோளில் சரிசெய்துகொண்டேன்.

"இதத்தாம்மா இத்தன வருசமும் நெனச்சுப் பயந்துட்டு கெடந்தேன். துரை கீழ விழுந்து, ஆளுக காலுக்கடியில அப்பாவத் தேடிட்டு கெடந்திருப்பானோன்னு. தூக்கத்துல கதவப் பிறாண்டுத சத்தம் கேக்கும் எனக்கு." மறுபடி தடவினாள். அவள் முகம் மெல்ல இளகுவதைப் பார்த்தேன். "அப்ப அவன் கீழ நிக்கல. அப்பா அவனத் தோள்ல தூக்கி வச்சிருந்திருக்காரு. ஒரு கையால பிள்ளையப் பிடிச்சுக்கிட்டு, ஒரு கையால இடிச்சிருக்காரு. அப்படித்தானம்மா இருக்கும்?"

"ஆமாக்கா," என்றேன். "அப்படித்தான் இருக்கும்."

சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு ரவிக்கையை மத்தியானத்துக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ரெஹானா மேடமே பேசினார், வருத்தத்தோடுதான். மூல ஃபைலை அழித்துவிட்டேன் என்று எழுதித் தரச் சொன்னார்கள். எழுதி அனுப்பினேன்.

அழிக்கவில்லை. அழிப்பதற்கு இரண்டு முறை கையை வைத்தேன். அழித்துவிட்டால் துரை அந்தக் கதவருகில் நின்றதற்கு வேறு தடயம் எதுவும் இல்லை. அழிக்காமல் இருந்தால் என்றாவது ஒரு நாள் முப்பிடாதி அக்கா பார்க்கக்கூடும்.

லேப்டாப்பைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். ஆன்சி கையை உயர்த்தினாலும் எட்டாது.